குழந்தை எங்கே தூங்குகிறது?

பிரிட்டனில் பிரசவம் முடிந்து வீட்டுக்கு வந்த கொஞ்ச நாளில் ஹெல்த் விசிட்டர் என்ற அரசு சுகாதாரச் செவிலியர் வருவார். எடை, பால், தாயின் மனநிலை எல்லாம் விசாரித்துவிட்டு, குழந்தை எங்கே தூங்குகிறது என்று கேட்பார். எனக்குத் தெரிந்த தமிழ் அம்மாக்கள் சிலர் அப்போது காலித் தொட்டிலைக் காட்டிச் சமாளித்துவிடுவார்கள். கூடவே படுக்கவைக்கிறோம் என்று சொன்னால் எங்காவது புகார் போய்விடுமோ என்ற பயம். நான் உள்ளதைச் சொன்னேன். அவர் திட்டவில்லை. "வீட்டில் யாராவது புகைபிடிப்பீர்களா?" என்றுதான் கேட்டார்.

குழந்தையைக் கூடவே படுக்கவைக்க இங்கே தடை எதுவும் கிடையாது. மருத்துவ வழிகாட்டுதல்களை வகுக்கும் நைஸ் (NICE) அமைப்பின் 2021 வழிகாட்டுதல், எப்போது அப்படிப் படுக்கவைக்கவே கூடாது என்பதைப் பெற்றோருக்கு விளக்கச் சொல்கிறது. அம்மாவோ அப்பாவோ புகைபிடிப்பவர் என்றால், மது குடித்திருந்தால், தூக்கம் வரும் மருந்து சாப்பிட்டிருந்தால், குழந்தை இரண்டரை கிலோவுக்குக் குறைவாகப் பிறந்திருந்தால் பக்கத்தில் போடக்கூடாது. குறைமாதக் குழந்தைக்கும் இதேதான். அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் இன்னும் கறார்: குறைந்தது ஆறு மாதம் பெற்றோரின் அறையிலேயே, ஆனால் தனிப் படுக்கையில்.

"நீ என் பக்கத்துல படுத்துதானே வளர்ந்தே" என்று அம்மா போனில் சொன்னார். சரிதான். ஆனால் அவர் விரித்த படுக்கையும் நான் வாங்கிய மெத்தையும் ஒன்றல்ல. இங்கே மெத்தை அமுங்குகிறது, தலையணைகள் குவிந்து கிடக்கின்றன, குளிருக்கு டூவே என்ற தடித்த போர்வை வேறு. அது முகத்தை மூடினால் மூன்று மாதக் குழந்தையால் விலக்க முடியாது. உடம்பு அதிகம் சூடானாலும் ஆபத்து. அறை 16 முதல் 20 டிகிரிக்குள் இருந்தால் போதும். குளிரும் என்று பயந்து நாம்தான் ஹீட்டரைக் கூட்டிவிடுகிறோம்.

இதையெல்லாம் கேட்டுக் கட்டிலுக்குப் பயந்த அம்மா என்ன செய்கிறாள்? ராத்திரி மூன்று மணிக்கு சோபாவில் உட்கார்ந்து பால் கொடுக்கிறாள், அப்படியே கண்ணயர்கிறாள். உண்மையில் மிக மோசமான இடம் அதுதான். சோபாவில் குழந்தையோடு தூங்கினால் தூக்கத்தில் குழந்தை திடீரென இறந்துபோகும் ஆபத்து 50 மடங்கு வரை கூடும் என்று, இத்தகைய மரணங்களைத் தடுக்க உழைக்கும் லல்லபை டிரஸ்ட் தொண்டு அமைப்பு எச்சரிக்கிறது. பால் கொடுக்கும்போது தூங்கிவிடுவோம் என்று தோன்றினால் சோபாவைவிடக் கட்டில் மேல் என்று அந்தக் கறாரான அமெரிக்க மருத்துவர்களே சொல்கிறார்கள். மாற்றிப் பிடிக்க இன்னொரு கை இல்லாத வீடுகளில் இதை முதலிலேயே சொல்லித் தர வேண்டும்.

நன்மையும் இருக்கிறது. மானுடவியலாளர் ஜேம்ஸ் மெக்கென்னா தாயையும் சேயையும் தூக்க ஆய்வகத்தில் கவனித்தார். சேர்ந்து படுக்கும்போது குழந்தை அதிக தடவை பால் குடிக்கிறது. இருவரும் அடிக்கடி ஒன்றாக விழித்துக்கொள்கிறார்கள். தாய்ப்பாலே திடீர் மரண ஆபத்தைக் குறைக்கும் என்பதால் இது சின்ன விஷயம் இல்லை.

நாங்கள் கட்டிலோடு ஒட்டிய தொட்டில் வாங்கினோம். பால் கொடுக்கையில் நான் தூங்கிவிடுவேன் என்பதையும் கணக்கில் வைத்தோம்: கெட்டி மெத்தை, என் தலைக்கு மட்டும் ஒரு தலையணை, டூவே இடுப்புக்குக் கீழே, குழந்தை மல்லாந்து, எனக்கும் இவருக்கும் நடுவில் இல்லாமல் என் பக்கமாக. இவர் ஜலதோஷ மாத்திரை போட்ட இரவுகளில் அடுத்த அறைக்குப் போய்விடுவார். வரவர ஜலதோஷம் அடிக்கடி வருகிறது.