100 வோல்ட் என்றால் 100 வோல்ட்தான்

ஜப்பான் உள்நாட்டுக்காகச் செய்த ஆம்ப்ளிஃபயர் 100 வோல்ட் கேட்கும். அமெரிக்க ரிசீவர் 120 கேட்கும். சவுதியிலிருந்து வந்த பழைய செட்டில் 127 என்று எழுதியிருக்கும். பாலக்காட்டின் கொழிஞ்சாம்பாறை, சித்தூர் பக்கம் வெளிநாட்டிலிருந்து திரும்பியவர்கள் வீடுகளில் இந்த மூன்று வகையும் உண்டு. கேரள மின்வாரியமான கே.எஸ்.இ.பி. தருவதோ 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ்.

முதல் வேலை வீட்டுக் கரண்டை அளப்பது. மல்டிமீட்டரை ஏ.சி. 750 வோல்ட்டில் வைத்து ஒரே பிளக்கில் மூன்று வேளை பார்த்தோம். தென்னந்தோப்பு பம்புசெட்டெல்லாம் ஓடும் காலையில் 212. மாலையில் 228. இரவு 11 மணிக்கு மேல், மோட்டார்கள் நின்ற பிறகு, 249. செட்டுக்கு எமன் இந்த 249தான். இந்த வோல்ட்டைச் செட்டுக்கு வேண்டிய அளவுக்குக் குறைத்துத் தரும் ஸ்டெப் டவுன் டிரான்ஸ்பார்மருக்குக் கணக்குப் போடும்போது இந்த எண்ணைத்தான் கையில் வைத்துக்கொள்ள வேண்டும்.

அடுத்து பின்பக்க ஸ்டிக்கர். '100-240 வோல்ட், 50/60 ஹெர்ட்ஸ்' என்று இருந்தால் பிளக்கை மட்டும் மாற்றினால் போதும், டிரான்ஸ்பார்மர் வாங்கிக் காசைக் கரியாக்க வேண்டாம். வெறும் '100 வோல்ட்' என்று இருந்தால் மேலே படியுங்கள்.

கடையில் தயாராகக் கிடைக்கும் ஸ்டெப் டவுன் பெரும்பாலும் 110 வோல்ட். '100க்கும் 110க்கும் என்ன பெரிய வித்தியாசம்' என்று எல்லோரும் சொல்வார்கள். கணக்கைப் பாருங்கள். அந்த 110 என்பது 230 உள்ளே போனால் வருவது. 249 போனால் 119 வரும். லோடு குறைவாக இருக்கும்போது ஸ்டெப் டவுன் இன்னும் 4, 5 வோல்ட் கூட்டித் தரும். 100 வோல்ட் கொடுத்தால் உள்ளே பிளஸ் மைனஸ் 52 வோல்ட் டி.சி. சப்ளை வரும் ஆம்ப்ளிஃபயரில் அது 62ஐத் தாண்டிவிடும். அங்கே இருக்கும் பெரிய ஃபில்டர் கண்டென்சர் 63 வோல்ட்டுக்கானது. உடனே வெடிக்காது. பாட்டே போடாமல் வைத்திருந்தாலும் சூட்டை வெளியேற்றும் ஹீட் சிங்க் தகடு சுடும், டிரான்ஸ்பார்மர் உறுமும், சில மாதத்தில் கண்டென்சர் தலை உப்பும். செட் பழசு, அதனால் போய்விட்டது என்று பழி அதன்மேல் விழும். இப்படி வீணான நல்ல செட்டுகளை நினைத்தால் வயிறு எரிகிறது.

ஆகவே கோயம்புத்தூரில் வைண்டிங் கடையில் சொல்லிச் செய்வதுதான் சரி. வாயால் சொன்னால் 110தான் சுற்றித் தருவார்கள். தாளில் எழுதிக் கொடுங்கள். நாங்கள் எழுதியது: பிரைமரி (கரண்ட் உள்ளே போகும் சுற்று) 0-230-250, செகண்டரி (வெளியே வரும் சுற்று) 0-100, 500 விஏ (வோல்ட் பெருக்கல் ஆம்பியர்), டபுள் வைண்டிங் (இரண்டும் தனித்தனிச் சுற்று), இரண்டுக்கும் நடுவே செம்புத் தகடு ஸ்கிரீன், அதற்குத் தனி எர்த் ஒயர். செட்டின் ஸ்டிக்கரில் 180 வாட் என்றிருந்தது. சத்தம் கூடும்போது இழுப்பு அதைத் தாண்டும் என்பதால் இரண்டரை மடங்குக்கும் மேலாக எடுத்தோம். செகண்டரியில் 5 ஆம்பியர் ஓடும், அதற்கு 16 கேஜ் செம்புக் கம்பி. பிரைமரிக்கு 18. அலுமினியம் வேண்டாம் என்பதைத் தனியாக அடிக்கோடிடுங்கள். வார்னிஷில் முக்கி அடுப்பில் காயவைக்கச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் ஸ்டாம்பிங் தகடுகள் இரவில் ரீங்காரமிடும். பிரைமரியில் 3.15 ஆம்பியர் ஸ்லோ புளோ ஃபியூஸ், செகண்டரியில் 5. எங்கள் வீட்டில் பிரைமரியின் 250 முனையிலேயே (டேப்) நிரந்தரமாக விட்டாயிற்று. பகலில் 212 வரும்போது செட்டுக்கு 85 கிடைக்கும். சத்தம் கொஞ்சம் குறையும், கேடு ஒன்றும் இல்லை.

உள்ளுக்கும் வெளிக்கும் ஒரே சுற்றைப் பயன்படுத்தும் ஆட்டோ டிரான்ஸ்பார்மர் பாதி விலையில் கிடைக்கும். அதில் பொதுச் சுற்று எங்காவது அறுந்தால் 230 கிட்டத்தட்ட முழுதாகச் செட்டுக்குள் போகும். குமிழைத் திருப்பி வோல்ட்டைக் கூட்டிக் குறைக்கும் டிம்மர்ஸ்டாட்டும் நிரந்தரமாக வைக்க ஏற்றதல்ல. துடைக்கும்போது கை பட்டுக் குமிழ் திரும்பினால் போதும்.

முதல் முறை ஓட்டும்போது ஸ்டெப் டவுனுக்கு முன்னால் 100 வாட் குண்டு பல்பை சீரிஸில் போடுங்கள். ஸ்பீக்கரைக் கழற்றி, வால்யூமைப் பூஜ்யத்தில் வைத்து ஆன் செய்தால் பல்பு பளிச்சென்று எரிந்து மங்க வேண்டும். மங்காவிட்டால் உள்ளே ஷார்ட். மங்கியபின் பல்பை எடுத்துவிட்டு, ஸ்பீக்கர் முனையில் டி.சி. பாருங்கள். 50 மில்லிவோல்ட்டுக்குள் இருந்தால் ஸ்பீக்கரை மாட்டலாம்.

சில செட்டுகளுக்குள் 120 வோல்ட் பிரைமரி இரண்டு இருக்கும். அவை பேரலலில் இருந்தால் 120, சீரிஸில் போட்டால் 240. இதற்கு வெளி டிரான்ஸ்பார்மரே வேண்டாம். ஆனால் முனை மாறினால் இரண்டும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு ஃபியூஸ் போகும். பிளக்கைப் பிடுங்கி, 220 ஓம் 10 வாட் ரெசிஸ்டரை வைத்துக் கண்டென்சரை வடித்துவிட்டு, நான்கு முனைகளையும் கழற்றுங்கள். ஒரு சுற்றுக்கு 12 வோல்ட் ஏ.சி. கொடுத்து, மற்றதன் ஒரு முனையை அதோடு சேர்த்து, மிச்சமிருக்கும் இரு முனைகளுக்கு நடுவே அளங்கள். 24 காட்டினால் சரியான சேர்க்கை. பூஜ்யத்துக்குக் கிட்டே காட்டினால் திருப்பிச் சேருங்கள். ஃபியூஸையும் பாதியாக்குங்கள்: 4 ஆம்பியர் இருந்த இடத்தில் 2.

'60 ஹெர்ட்ஸ்' மட்டும் எழுதிய அமெரிக்க செட்டுக்கு இந்தச் சீரிஸ் வேலை ஆகாது. 50 ஹெர்ட்ஸில் அதே வோல்ட்டுக்கு டிரான்ஸ்பார்மரின் இரும்புக் கோரில் காந்தப்பாய்வு 20 சதவீதம் ஏறி, டிரான்ஸ்பார்மர் சுடும். அதற்கும் 120க்குப் பதிலாக அந்த 100 வோல்ட் டிரான்ஸ்பார்மரே பொருத்தம். 120ஐ 60ஆல் வகுத்தாலும் 100ஐ 50ஆல் வகுத்தாலும் விடை 2தானே.

வோல்ட் மாற்றியும் ரெக்கார்டு பிளேயர் இழுத்து இழுத்துப் பாடினால் காரணம் மோட்டார். 60 ஹெர்ட்ஸ் சிங்க்ரனஸ் மோட்டார் இங்கே நிமிடத்துக்கு 33⅓க்குப் பதில் 27.8 சுற்றுதான் சுற்றும். விட்டம் 20 சதவீதம் கூடிய 50 ஹெர்ட்ஸ் புல்லி போட்டால் சரியாகும். டி.சி. மோட்டார் என்றால் இந்தத் தொல்லை இல்லை. ஸ்டெப் டவுனை பிளேயரிலிருந்து ஒரு மீட்டராவது தள்ளி வையுங்கள், இல்லாவிட்டால் ஊசி மாட்டிய கார்ட்ரிட்ஜ் ஹம் (உறுமல்) வாங்கும்.

ரேடியோவை நம்பி ட்யூனர் வாங்காதீர்கள். பழைய ஜப்பான் எஃப்.எம். 76 முதல் 90 மெகாஹெர்ட்ஸோடு நின்றுவிடும், நம் ஸ்டேஷன்கள் பெரும்பாலும் அதற்கு மேலே. அமெரிக்க டிஜிட்டல் ட்யூனர் மீடியம் வேவில் பத்துப் பத்து கிலோஹெர்ட்ஸாகத் தாவும், திருச்சி வானொலியின் 936இல் உட்காராது.

ஜப்பான் பிளக்கில் எர்த் கிடையாது. தகரத்தைத் தொட்டால் சுருக்கென்றால், வேறு ஒயர் எதுவும் மாட்டாமல் தகரத்துக்கும் எர்த்துக்கும் நடுவே ஏ.சி. அளந்து, பிளக்கைத் திருப்பிப் போட்டு மறுபடி அளந்து, குறைவாகக் காட்டும் பக்கத்தில் விட்டுவிடுங்கள். துலாவர்ஷ (வடகிழக்குப் பருவமழை) மாதங்களில் மதியம் இடி தொடங்கும் முன்பே ஸ்டெப் டவுனை சுவரிலிருந்தும், ஆன்டெனா ஒயரைச் செட்டிலிருந்தும் கழற்றிவிடுங்கள். சுவிட்சை மட்டும் அணைத்தால் மின்னலுக்குப் போதாது.