20.4 சதவீதத்தில் ஒளிந்தவர்

நிறுவனங்களின் உண்மையான உரிமையாளர் யார் என்று சொல்ல வைக்கும் ஒரு சட்டத்தின் வரைவுக் குழுவில் நான் இருந்தேன். எங்கள் நேரத்தில் பாதியை வரையறைப் பிரிவு ஒன்றே எடுத்துக்கொண்டது.

'25 சதவீதத்துக்கு மேல் பங்கு வைத்திருப்பவர்' என்றுதான் முதலில் எழுதினோம். பல நாடுகளில் இருக்கும் அளவு அது. குழுவிலிருந்த கணக்காளர் பலகையில் இரண்டு கட்டம் போட்டார். ஒருவருக்கு முதல் நிறுவனத்தில் 51 சதவீதம். அந்த நிறுவனத்துக்கு இரண்டாவதில் 40 சதவீதம். பெருக்கினால் 20.4. எங்கள் வரைவுப்படி அவர் பெயரே வெளியே வராது. ஆனால் முதல் நிறுவனம் அவர் கைக்குள் இருக்கிறது, அந்த 40 சதவீத ஓட்டும் அவர் சொல்கிறபடிதான் விழும். ஒரு நிறுவனத்தை ஆட்டுவிப்பவருக்கு அது வைத்திருக்கும் பங்கு முழுவதும் சேரும் என்று அன்றே திருத்தினோம்.

அப்புறம் குடும்பங்கள். ஐந்து பேர் ஆளுக்கு 20 வைத்துக்கொண்டு ஒருவர் பேச்சைக் கேட்டால்? சேர்ந்து செயல்படுவோர் பங்கைக் கூட்டிப் பார்க்க வேண்டும் என்று ஒரு வரி. பங்கே இல்லாமல் பினாமியை வைத்து நடத்துபவருக்காக, இயக்குநர்களை நியமிக்கவும் நீக்கவும் முடிந்தவரும் உரிமையாளரே என்று இன்னொன்று.

என்னை உறுத்தியது வேறு. யாரையும் கண்டுபிடிக்க முடியாவிட்டால் மூத்த நிர்வாகியின் பெயரைத் தரலாம் என்ற விதி. சம்பளத்துக்கு இருப்பவர் உரிமையாளர் இடத்தில் உட்கார்ந்துவிடுவார்! அப்படித் தந்தால் 'உரிமையாளர் தெரியவில்லை' என்று பக்கத்திலேயே பதிய வேண்டும், உரிமையாளரைத் தேடி யாரிடமெல்லாம் கேட்டார்கள் என்பதையும் தர வேண்டும் என்று வாதாடிச் சேர்த்தேன்.

சரிபார்ப்பில் பிரிட்டன் எங்களுக்குப் பாடம். அங்கே நிறுவனங்களின் உண்மையான உரிமையாளர்களைப் பதியும் பதிவேடு 2016-இலேயே வந்தது. தகவலைச் சரிபார்க்கப் பதிவாளருக்குப் போதிய அதிகாரம் கொடுத்ததோ 2023-ஆம் ஆண்டுச் சட்டம். நாங்கள் அதை முதல் நாளிலிருந்தே வைத்தோம்.

பதிவேட்டை யார் பார்க்கலாம் என்பதுதான் கடைசிச் சண்டை. யார் வேண்டுமானாலும் பார்க்கலாம் என்ற விதி தனியுரிமைக்கு எதிரானது, செல்லாது என்று ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் 2022 நவம்பரில் சொல்லியிருந்தது. ஆனால் கறுப்புப் பணத்தை வெள்ளையாக்குவதைத் தடுக்க உழைக்கும் அமைப்புகளுக்கும் பத்திரிகையாளர்களுக்கும் நியாயமான அக்கறை உண்டு என்றது அதே தீர்ப்பு. அதைப் பிடித்துக்கொண்டு, அவர்கள் ஒவ்வொரு முறையும் காரணம் சொல்லிக் கெஞ்சத் தேவையில்லாமல் ஒரு தனிப் பிரிவு எழுதினோம். வீட்டு முகவரியை மட்டும் மறைத்தோம்.