ஆண்டர்ஸ்டார்ப்: விசிறிக் கார் ஜெயித்த ஊர்

ஸ்வீடனுக்குப் போகிறவர்கள் ஸ்டாக்ஹோம் பார்ப்பார்கள், வடக்கே போய் வானத்தில் பச்சை ஒளி பார்ப்பார்கள். எனக்கு இருபது வருடமாக மனதில் இருந்த ஊர் ஆண்டர்ஸ்டார்ப். கோத்தன்பர்க்கில் என்ஜினியரிங் படிக்கும் அண்ணன் மகன், "அங்க என்ன இருக்கு சித்தப்பா?" என்று கேட்டான். "ஒரு பழைய ரேஸ் டிராக் இருக்கு" என்றேன். "அது மட்டுமா?" என்றான். அது மட்டும்தான். ஆனால் ஃபார்முலா ஒன் கார் பந்தய வரலாற்றில் நான் திரும்பத் திரும்பப் படித்த ஒரு நாள் அங்கேதான் நடந்தது: பின்னால் விசிறி வைத்த ஒரு கார் ஜெயித்த 17 ஜூன் 1978.

ஜூன் மாதத்து சனிக்கிழமை காலையில் வாடகைக் காரில் கிளம்பினோம். போராஸ் வரை பெரிய சாலை. அதற்கப்புறம் 27ஆம் எண் சாலையில் திரும்பியதும் ஊர் அடங்கிவிடுகிறது. இரண்டு பக்கமும் பைன், பிர்ச் மரங்கள், இடையிடையே ஏரி, வெள்ளைச் சட்டம் வைத்த ஜன்னல்களோடு சிவப்பு மர வீடுகள். சாலையோரம் முழுக்க ஊதா நிற லூபின் பூக்கள். வழியில் ஒரு பேக்கரியில் காபியும் இலவங்கப்பட்டை பன்னும் சாப்பிட்டோம். அந்த பன்னுக்காகவே இன்னொரு முறை இந்த வழியில் வரலாம்.

யிஸ்லாவேட் தாண்டினால் ஆண்டர்ஸ்டார்ப். சிறிய ஊர். வழியெங்கும் நான் கவனித்தது பட்டறைகளைத்தான். தகரக் கூரை போட்ட சின்னச் சின்னத் தொழிற்கூடங்கள்: உலோகம், பிளாஸ்டிக், கம்பி வேலை. பக்கத்து ஊரான க்னோஷோவின் பெயரிலேயே 'க்னோஷோ மனப்பான்மை' என்று ஸ்வீடன்காரர்கள் ஒரு சொல் வைத்திருக்கிறார்கள். குடும்பமாக, சிறியதாக, கையில் இருப்பதை வைத்துத் தொழில் செய்யும் பழக்கத்துக்கு அந்தப் பெயர். இப்படி ஒரு வட்டாரம் ஒரு கிராண்ட் ப்ரீயையே நடத்தியது என்பது எனக்கு ஆச்சரியமாக இல்லை. 1973 முதல் 1978 வரை ஆறு வருடம் ஸ்வீடிஷ் கிராண்ட் ப்ரீ இங்கேதான் நடந்தது.

டிராக்கின் கதவு திறந்திருந்தது. ஏதோ ஒரு கிளப்பின் பயிற்சி நாள். அனுமதி கேட்டோம், வேலிக்கு இந்தப் பக்கம் நின்று எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பாருங்கள் என்று சொல்லிவிட்டார்கள்.

சதுப்பு நிலத்தின் மேல் கட்டிய டிராக் இது. மேடு பள்ளம் என்று எதுவும் கிடையாது. சுற்று சுமார் 4 கிலோமீட்டர். நேர்ப்பகுதி ஒரு விமான ஓடுபாதை. நிஜமாகவே விமானம் இறங்கிய பாதை. வளைவுகள் நீளமானவை, லேசாக உள்பக்கம் சரிந்தவை. ஒரு வளைவுக்குள் நுழைந்தால் அது முடியவே முடியாதோ என்று தோன்றும் அளவுக்கு வண்டி திரும்பிக்கொண்டே இருக்கிறது. ஒரு சின்ன ஹேட்ச்பேக் அப்படித் திரும்புவதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். முன் டயர்கள் கீச்சிட்டு வெளியே தள்ளின. இந்த இடத்தில் யாருக்குப் பிடிமானம் அதிகமோ அவர்தான் ராஜா. அதைப் படித்துத் தெரிந்துகொள்வது வேறு, வேலியோரம் நின்று காதால் கேட்பது வேறு.

இந்த டிராக்குக்கு விநோதமான கார்களோடு ஒரு ராசி உண்டு. 1976இல் டெரெக் கார்ட்னர் வடிவமைத்த டிரெல் பி34 இங்கே ஜெயித்தது. அதற்கு ஆறு சக்கரங்கள். முன்னால் நான்கு சின்னச் சக்கரங்களை வைத்தால் அவை மூக்குக்குப் பின்னால் மறைந்துவிடும், காற்று தடைபடாது என்பது கணக்கு. ஜோடி ஷெக்டர் முதலிடம், அதே அணியின் டெபாயே இரண்டாமிடம். ஆறு சக்கர வண்டி ஒன்று கிராண்ட் ப்ரீ ஜெயித்தது அந்த ஒரு முறைதான். பிற்பாடு நான்கு சக்கரத்துக்கு மேல் கூடாது என்று விதியே வந்துவிட்டது.

ஆனால் நான் வந்தது 1978க்காக.

அந்த வருடம் லோட்டஸ் 79ஐ யாராலும் தொட முடியவில்லை. காரின் இரண்டு பக்கமும் அடிப்பகுதியைத் தலைகீழ் இறக்கை போல வளைத்து, ஓரங்களைத் தரையைத் தொடும் தடுப்புகள் (ஸ்கர்ட்) வைத்து அடைத்திருந்தார்கள். வண்டி ஓட ஓட அடியில் காற்றழுத்தம் குறையும், கார் தரையோடு ஒட்டிக்கொள்ளும். பிராபம் அணியின் வடிவமைப்பாளர் கார்டன் மர்ரிக்கு இதைச் செய்ய வழியில்லை. அவர்களுடைய ஆல்ஃபா ரோமியோ என்ஜின் படுக்கை வாட்டில் பன்னிரண்டு சிலிண்டர். அகலமான என்ஜின். காற்று போக வேண்டிய இடத்தில் சிலிண்டர்கள் உட்கார்ந்திருந்தன.

மர்ரி விதிப் புத்தகத்தை எடுத்தார். காற்றியக்கத்துக்காக வைக்கும் எந்தப் பாகமும் அசையக் கூடாது என்பது விதி. அது சும்மா வந்த விதி அல்ல. 1969இல் பார்சலோனாவின் மோன்ஜூயிக்கில் லோட்டஸ் கார்களின் உயரமான இறக்கைகள் முறிந்து கிரஹாம் ஹில்லும் யோகன் ரிண்ட்டும் மோதினார்கள். அதன் பின்விளைவு அது. ஆனால் என்ஜினைக் குளிரவைக்க விசிறி வைக்கக் கூடாது என்று எங்கேயும் எழுதியிருக்கவில்லை. எனவே ரேடியேட்டரை என்ஜின் மேல் படுக்க வைத்தார். என்ஜின் அறையைச் சுற்றி ஸ்கர்ட் வைத்து அடைத்தார். பின்னால் ஒரு பெரிய விசிறி. அது காரின் அடியிலிருந்து காற்றை உறிஞ்சும். ரேடியேட்டர் வழியாகவும் காற்றை இழுக்கும். விசிறியின் முதன்மை வேலை எது என்பதுதான் கேள்வி. பாதிக்கு மேற்பட்ட காற்று குளிர்விக்கத்தான் போகிறது, ஆகவே இது குளிர்விக்கும் விசிறி என்பது மர்ரியின் வாதம். காரின் பெயர் பிடி46பி.

லோட்டஸுக்குப் பிடிமானம் வர வேகம் வேண்டும். இந்த விசிறியோ கியர்பாக்ஸோடு இணைந்தது, என்ஜின் சுற்றும் வேகத்துக்குத் தகுந்தபடி உறிஞ்சும். மெதுவான வளைவிலும் ஆக்சிலேட்டரை மிதித்தால் போதும், கார் தரையைக் கவ்விக்கொள்ளும். நின்றுகொண்டிருக்கும்போதே என்ஜினை உறுமவிட்டால் கார் சட்டென்று பதுங்கி உட்காரும். மற்ற அணிகள் பார்த்துவிடக் கூடாது என்று பிட்டில் (கார்களைச் சரிபார்க்கும் இடத்தில்) நிற்கும்போது விசிறியைக் குப்பைத்தொட்டி மூடியால் மூடி வைத்தார்கள். புறப்படும் வரிசையைத் தீர்மானிக்கும் தகுதிச் சுற்றிலும், உண்மையான வேகம் தெரியக் கூடாது என்று பெட்ரோல் டேங்க்கை நிரப்பி, பாரத்தோடு ஓட்டச் சொன்னார்கள். அப்படியும் பிராபம் ஓட்டுநர்களில் ஜான் வாட்சன் இரண்டாவது, நிக்கி லௌடா மூன்றாவது இடம்.

எதிர்ப்புகள் போட்டிக்கு முன்பே வந்தன. வாக்யூம் கிளீனர் மாதிரி பின்னால் வருபவர் முகத்தில் கல்லையும் மண்ணையும் வாரி இறைக்கிறது என்று ஓட்டுநர்கள் புகார் சொன்னார்கள். மர்ரி அதை மறுத்தார். அதிகாரிகள் ஓட அனுமதித்தார்கள். முதலில் லோட்டஸின் மாரியோ ஆன்ட்ரெட்டிதான் முன்னால் போனார். வாட்சன் விலகிவிட்டார். அப்புறம் டிடியே பிரோனியின் டிரெல் டிராக்கில் எண்ணெய் சிந்தியது. எல்லோரும் வழுக்கித் தடுமாறியபோது லௌடாவின் கார் மட்டும் எண்ணெய் இருப்பதே தெரியாதது போலப் போனது. ஆன்ட்ரெட்டியைத் தாண்டியது. ஆன்ட்ரெட்டியின் என்ஜினும் பிறகு கைவிட்டது. லௌடா முடித்தபோது இரண்டாவதாக வந்த பத்ரேசே 34 விநாடிக்கு மேல் பின்தங்கியிருந்தார்.

இதையெல்லாம் வேலியோரம் நின்று அண்ணன் மகனுக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன். அவன் கேட்டான்: "அப்போ அது ஏமாத்து வேலைதானே?"

இல்லை. இதை நான் அழுத்தமாகவே சொல்வேன். ஒளித்து வைத்த எடைக்குண்டு, அளவை மீறிய டேங்க் இதெல்லாம் ஏமாற்று. விதியின் ஒவ்வொரு சொல்லையும் படித்து, அதில் எழுதாத இடத்தில் ஒரு கருவியைக் கட்டி, எல்லோர் கண் முன்னாலும் ஓட்டிக் காட்டுவது பொறியியல். மூடி போட்டு மறைத்தது போட்டியாளரிடமிருந்துதான். பரிசோதகர்கள் காரைப் பார்த்துத்தான் அனுமதித்தார்கள்.

அதே சமயம் தடையும் சரிதான் என்பேன். வளைவின் நடுவில் விசிறி நின்றுபோனால் பிடிமானம் அந்தக் கணமே போய்விடும். அந்தக் காலத்து டிராக்குகளில் ஓரத்தில் இரும்புத் தடுப்பும் கம்பி வலையும்தான் இருந்தன. ஓடுகிற கார் அத்தனையிலும் விசிறி வந்திருந்தால் வளைவில் எந்த வேகத்தில் போயிருப்பார்கள் என்று நினைத்தாலே பயமாக இருக்கிறது. லௌடாவுக்கே அந்தக் கார் ஓட்டச் சுகமாக இல்லை.

கடைசியில் நடந்ததில் அரசியலும் உண்டு. பிராபம் அணியின் முதலாளி பெர்னி எக்கிள்ஸ்டோன்தான் அணிகளின் சங்கமான ஃபோக்காவுக்கும் தலைவர். லோட்டஸின் கோலின் சாப்மன் உட்பட மற்றவர்கள் கொதித்துப்போயிருந்தார்கள். இன்னும் மூன்று போட்டி ஓட்டிவிட்டு நிறுத்திக்கொள்கிறேன் என்று எக்கிள்ஸ்டோன் இறங்கி வந்தார். அதற்குள் விளையாட்டை நடத்திய சிஎஸ்ஐ இனிமேல் விசிறிக் கார் கூடாது என்று அறிவித்துவிட்டது. ஆண்டர்ஸ்டார்ப் வெற்றியை மட்டும் யாரும் பறிக்கவில்லை. எனக்கு மிகவும் பிடித்தது அந்த முடிவுதான். நேற்று எழுதாத விதிக்காக நேற்று ஜெயித்தவனைத் தண்டிக்கவில்லை.

அண்ணன் மகன் அவன் காலத்து உதாரணத்தை எடுத்தான். 2020இல் மெர்சிடிஸ் காரில் ஸ்டியரிங்கை முன்னும் பின்னும் இழுத்து முன் சக்கரங்களின் கோணத்தை மாற்றும் அமைப்பு இருந்தது. ஆஸ்திரியாவில் ரெட் புல் எதிர்ப்புத் தெரிவித்தது. நடுவர்கள் தள்ளுபடி செய்தார்கள். அந்த சீசன் முழுவதும் அனுமதி, 2021க்கு விதி மாறியது. "அதே ஃபார்முலாதான் சித்தப்பா" என்றான். ஆமாம், அதேதான். 2009இல் பிரான் அணியின் இரட்டை டிஃப்யூசர் (காரின் பின்பக்க அடியில் காற்றை வெளியேற்றும் அமைப்பு) விதிப்படி சரிதான் என்று ஏப்ரலில் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னதும், மற்ற அணிகள் அவசர அவசரமாகச் சொந்தமாக ஒன்று செய்ய ஓடியதும் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

ஆண்டர்ஸ்டார்ப்புக்கு ஃபார்முலா ஒன் அதற்கப்புறம் வரவே இல்லை. அதே வருடம் செப்டம்பரில் மோன்சா விபத்துக்குப் பிறகு ரோனி பீட்டர்சன் இறந்தார். அக்டோபரில் புற்றுநோய் குன்னார் நில்சனைக் கொண்டுபோனது. இரண்டு ஸ்வீடிஷ் பந்தய நாயகர்களும் இரண்டு மாதத்துக்குள் இல்லாமல் போனார்கள். 1978இல் இந்தப் புல்மேட்டில் உட்கார்ந்து பீட்டர்சனுக்காகக் கத்தியவர்களை நினைத்துக்கொண்டேன். அன்று அவர் மூன்றாவதாக வந்திருந்தார்.

போக நினைப்பவர்களுக்கு: சொந்தமாகக் கார் இருந்தால்தான் வசதி. டிராக்கில் என்ன நிகழ்ச்சி என்று முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள். கோடையில் இரவு பத்து மணிக்கும் வெளிச்சம் இருக்கிறது, அவசரப்பட வேண்டாம்.

எங்களுக்கும் நேரம் இருந்தது. அதனால் கிழக்கே இன்னும் கொஞ்ச தூரம் போய் ஸ்டூரா மோசே தேசியப் பூங்காவில் இறங்கினோம். ஸ்வீடனின் தென்பகுதியில் இதைவிடப் பெரிய சதுப்பு நிலம் கிடையாது. பலகை போட்ட பாதையில் நடந்தோம். ஓரத்தில் பாசி மேல் அண்ணன் மகன் மெல்லக் கால் வைத்தான். தரை அமுங்கி, தண்ணீர் மேலே வந்து ஷூவை நனைத்தது. "இது மாதிரி நிலத்து மேலயா சித்தப்பா டிராக் போட்டாங்க?" என்றான். ஆமாம் என்றேன். அவன் இன்னொரு முறை அழுத்திப் பார்த்தான்.