ஜமுக்காளம் விரிக்கும் முன்

பிள்ளைகள் சேர்ந்து விளையாட ஒரு குழு தொடங்க நினைப்பவர்கள் முதலில் பொம்மை வாங்கக் கிளம்பிவிடுகிறார்கள். அதற்கு முன் நல்ல கதவுள்ள ஓர் அறையைப் பிடியுங்கள். சேலத்தில் கேட்டால் பலரும் அண்ணா பூங்காவைத்தான் சொல்வார்கள். திறந்தவெளியில் ஒவ்வொரு பிள்ளையும் ஒரு திசைக்கு ஓடும், பின்னாலேயே அம்மாவும் ஓடவேண்டும். ஒன்றரை மணி நேரம் போனபிறகும் யாரோடும் நாலு வார்த்தை பேசியிருக்க மாட்டார். முதல் இரண்டு மாதத்துக்கு அபார்ட்மென்ட் பொது அறையோ, கேட் போட்ட போர்ட்டிகோவோ போதும்.

ஆறு குடும்பங்கள் சரியான அளவு. பத்துக்கு மேல் போனால் ஏற்கெனவே பழகியவர்கள் ஒரு மூலையில் சேர்ந்துகொள்வார்கள், புதிதாக வந்தவர் செல்போனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். வாரம் ஒரே நாள், ஒரே நேரம். ஒன்று முதல் மூன்று வயதுப் பிள்ளைகளுக்குக் காலை 9.30 முதல் 11 வரை தோதான நேரம். அதைத் தாண்டினால் தூக்கத்துக்குச் சிணுங்கும். ஏப்ரல், மே வெயிலில் 8 மணிக்கே கூடிவிடுங்கள். ஆடி மாதம்தான் பெரிய சோதனை. கோட்டை மாரியம்மன் திருவிழா, வீடு நிறைய உறவினர் என்று ஆளாளுக்கு வராமல் போவார்கள். இரண்டு குடும்பமே வந்தாலும் அன்றைக்கு ஜமுக்காளத்தை விரித்துவிடவேண்டும். அடுத்தடுத்துத் தள்ளிப்போட்டால் குழு அப்படியே நின்றுபோகும்.

சாமான் அதிகம் வேண்டாம். சொப்பு, எவர்சில்வர் டப்பா, கரண்டி, அகலமான ஒரு தொட்டி. தொட்டியில் இரண்டு விரற்கடைத் தண்ணீர் போதும். அதிலும் குழந்தை மூழ்கலாம், அதனால் ஒரு பெரியவர் கைக்கெட்டும் தூரத்தை விட்டு எழுந்திருக்கக்கூடாது, ஆட்டம் முடிந்ததும் தண்ணீரைக் கொட்டிவிடவேண்டும். நம் ஊர்ச் சரக்கு என்று பச்சை ஜவ்வரிசியை அளையவிடுவது ஆபத்து. மூக்கிலும் காதிலும் போட்டுக்கொள்வார்கள். குழைய வேகவைத்து பீட்ரூட் சாற்றில் கலந்து கொடுங்கள். இரண்டு வயதுப் பிள்ளைகள் பெரும்பாலும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து தனித்தனியாகத்தான் விளையாடும். ‘பாப்பாவுக்குக் குடு’ என்று பிடுங்கிக் கொடுப்பதைவிட, ஒரே மாதிரி இரண்டு லாரி வைத்துவிட்டால் பாதிச் சண்டை இருக்காது.

எந்தக் குழுவும் நிலைப்பதற்குக் காரணம் டீதான் என்று உறுதியாகச் சொல்லலாம். டீயைக் குழந்தைகள் இருக்கும் அறைக்குள் கொண்டுவரக்கூடாது, சுடுடீ கொட்டினால் காயம் பெரிதாகும். பிளாஸ்க்கை வராந்தாவில் வையுங்கள். இரண்டு பேர் உள்ளே எல்லாப் பிள்ளைகளையும் பார்த்துக்கொள்ள, மற்ற நாலு பேர் 20 நிமிடம் வெளியே உட்காரட்டும். பிறகு முறை மாற்றிக்கொள்ளலாம். பிள்ளை பெற்ற பிறகு சூடாக ஒரு டம்ளர் டீயை முழுதாகக் குடிக்க முடியாதவர்களுக்கு அந்த 20 நிமிடம் எவ்வளவு பெரிது! வீட்டில் யாரிடமும் சொல்லாததை அங்கேதான் சொல்வார்கள்.

புதிதாக வருகிறவரிடம் ‘நீங்க என்ன ஆளுங்க?’ என்ற கேள்வி எழவே கூடாது. வாழைப்பழம் நறுக்குவது, ஜமுக்காளம் மடிப்பது என்று ஏதாவது வேலை கொடுங்கள், கூச்சம் தானாகக் குறையும். தெலுங்கு, கன்னடம், சௌராஷ்டிரம் பேசும் வீடுகள் சேலத்தில் நிறைய. அந்தந்த வீட்டுத் தாலாட்டைக் கேட்டுப் பாடச்சொன்னால் வீட்டுப் பாட்டிகளும் ஆர்வமாக வந்து உட்காருவார்கள். மருமகளை அனுப்பத் தயங்கும் மாமியாரையும் ஒரு நாள் அழைத்துவிடுவது நல்லது.

காய்ச்சல் விட்டு 24 மணி நேரம் ஆகாத பிள்ளையைக் கூட்டிவரக்கூடாது. கை, கால், வாயில் கொப்புளம் வரும் நோய் இப்படிக் கூடும் இடத்தில் வேகமாகப் பரவும். அந்தக் கிருமிக்குச் சானிடைசர் அவ்வளவாகப் பலிக்காது, சோப்பால் கை கழுவவேண்டும்.

‘உங்க பையன் இன்னும் பேசலையா?’ என்று நாலு பேர் முன்னால் கேட்பதால் எத்தனையோ அம்மாக்கள் வருவதையே நிறுத்திவிடுகிறார்கள். ஆனால் இரண்டு வயதாகியும் இரண்டு சொல் சேர்த்துப் பேசாத குழந்தையை மருத்துவரிடம் காட்டத்தான் வேண்டும். நெருக்கமான ஒருவர் தனியாகச் சொல்லி, கூடவே போய்வரலாம்.

‘ஏதாச்சும் வேணும்னா சொல்லுங்கக்கா’ என்றால் யாரும் கேட்க மாட்டார்கள். ‘வியாழக்கிழமை மதியம் ரசம் சாதமும் பீன்ஸ் பொரியலும் கொண்டு வர்றேன்’ என்று நாளும் பண்டமும் சொல்லுங்கள். பிரசவமான வீட்டுக்கு ஆறு குடும்பமும் ஒருநாள் விட்டு ஒருநாள் முறை வைத்தால், ஆளுக்கு ஒரே ஒரு சமையலில் ஏறக்குறைய இரண்டு வாரம் ஓடிவிடும்.

குழந்தை தூங்கும்போதும் அம்மாவுக்குத் தூக்கம் வராமல், எதிலும் பிடிப்பில்லாமல், அழுகை இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் அது பிரசவத்துக்குப் பின் வரும் மனச்சோர்வாக இருக்கலாம். மருந்தும் ஆலோசனையும் உண்டு. அரசின் இலவச மனநல உதவி எண்ணான டெலிமானஸ் 14416-இல் தமிழிலேயே பேசலாம். தன்னையோ குழந்தையையோ ஏதாவது செய்துவிடுவோமோ என்று அவர் சொன்னால், அந்த நிமிடம் முதல் தனியே விடாதீர்கள். ஒருவர் குழந்தையை வாங்கிக்கொள்ள, இன்னொருவர் அவரோடு அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும்.