கில்ஹோப் ஈயச் சுரங்கத்து விடுதி

வட இங்கிலாந்தில், வியர்டேல் பள்ளத்தாக்கின் உச்சியில் இருக்கிறது கில்ஹோப் என்ற பழைய ஈயச் சுரங்கம். அங்கே எல்லோரும் படம் எடுப்பது அந்தப் பெரிய இரும்புத் தண்ணீர்ச் சக்கரத்தைத்தான். சுமார் 10 மீட்டர் உயரம், எடுக்கத்தான் செய்வார்கள். எனக்கென்னவோ தொழிலாளர்கள் தங்கிய கல் விடுதிதான் முக்கியம்.

மரம் மட்டை இல்லாத மேட்டு நிலம். ஊர் பல மைல் தள்ளி. அதனால் திங்கள்கிழமை வாரச் சாப்பாட்டை மூட்டை கட்டிக்கொண்டு மலையேறுவார்கள், வெள்ளி அல்லது சனிக்கிழமைதான் வீடு. எலிக்குப் பயந்து அந்த மூட்டைகளைக் கூரையில் தொங்கவிடுவார்கள். ஒரு கட்டிலில் மூன்று பேர், சில இடங்களில் அதற்கும் மேல். நனைந்த துணி அடுப்போரம் காயும்; அதே அறையில்தான் சமையலும். ஈயக்கல்லைக் கழுவிப் பிரிக்கும் சின்னப் பையன்களும் அங்கேதான் படுத்தார்கள். 1842 அரசு விசாரணை அறிக்கையிலேயே இந்த மாதிரிச் சுரங்க விடுதிகளின் நாற்றமும் நெரிசலும் பதிவாகியிருக்கின்றன.

சம்பளமா? சின்னக் குழுக்களாகச் சேர்ந்து, எடுக்கும் ஈயக்கல்லுக்கு இவ்வளவு என்று முன்கூட்டியே பேரம் பேச வேண்டும். மாதாமாதம் கிடைப்பது முன்பணம். முழுக்கணக்கு பெரும்பாலும் வருடத்துக்கு ஒரு முறைதான். கல் சரியாகக் கிடைக்கவில்லை என்றால் கடன்தான் மிச்சம்.

இவ்வளவுக்கும் நடுவில், சுரங்கத்தில் கிடைத்த ஊதா, பச்சைப் படிகங்களைச் சேர்த்துக் கண்ணாடிப் பெட்டிகளுக்குள் குகையும் தெருவும் கட்டியிருக்கிறார்கள் மனுஷர்கள். உள்ளே முகக்கண்ணாடி வேறு, படிகம் இரட்டிப்பாகத் தெரிய!