கார்த்திகை மழையில் குடை பிடித்துச் சுவர் பார்த்தேன்

கார்த்திகை விளக்கீட்டுக்கு அடுத்த நாள் மழை கொஞ்சம் தணிந்தது. குடையும் ஒரு பழைய சீ.ஆர். கொப்பியுமாக வீட்டைச் சுற்றி நடந்தேன். விறாந்தையில் இருந்த அம்மா, "உனக்கென்ன விசரா பிள்ளை, மழைக்குள்ள சுவரைப் பாத்துக்கொண்டு நிக்கிறாய்?" என்று கேட்டார். வாற பங்குனியில் வெளிச்சுவருக்குப் பெயின்ற் அடிக்கப் போகிறோம், அதற்குத்தான் என்றேன். அம்மாவுக்கு என் விசர் உறுதியாகிவிட்டது.

கோடையில் பார்த்தால் எல்லாச் சுவரும் நல்ல சுவர்தான். எங்கே தண்ணீர் ஒழுகுகிறது, எங்கே ஊறுகிறது என்பதை மாரியில்தான் கண்ணால் பார்க்கலாம். இதைப் படிக்க எனக்கு ஒரு முழுப் பெயின்ற் செலவு போனது.

2022 ஐப்பசியில் நடந்த கதை அது. மார்கழியில் அண்ணா கனடாவிலிருந்து வருகிறார், அதற்குள் வீடு பளிச்சென்று இருக்க வேண்டும் என்று எனக்கு அவசரம். பெயின்ரர் தம்பி சுவரில் உள்ளங்கையை வைத்துப் பார்த்து, "ரீச்சர், சுவர் குளிராக் கிடக்கு. மாரி முடியட்டும்" என்றார். நான் கேட்கவில்லை. நாலு நாள் வெயில் எறித்தது. அந்த நாலு நாளுக்குள் அடித்து முடித்தோம். அண்ணா வந்தபோது வீடு கலியாண வீடு மாதிரி இருந்தது. மாசியில் கிணற்றடிப் பக்கம் கொப்புளம் கொப்புளமாக எழும்பியது. நகத்தால் தட்டினால் தோலாக உரிந்தது, உள்ளே வெள்ளை உப்பு. பிழை முழுக்க என்னுடையது.

சரி, இந்தமுறை கொப்பியில் பதினொரு இடங்கள் குறித்திருக்கிறேன். அதில் நாலு இடம் கூரைத் தண்ணீரை வடிக்கும் பீலியால் வந்த வினை. குசினி மூலையில் பீலியின் பொருத்து விலகி, தண்ணீர் சுவரில் நேராக வழிகிறது. அதைத் திருத்தாமல் என்ன விலைப் பெயின்ற் அடித்தாலும் வீண். குளியலறைக்குப் பின்னால் பாசி. அதன் மேல் அடித்தால் பெயின்ற் பாசியோடு சேர்ந்தே கழன்று வரும். புளீச்சிங் கலந்த தண்ணீர் பூசி, கால் மணித்தியாலம் ஊறவிட்டு, தேய்த்துக் கழுவிக் காயவிட வேண்டும். தாழ்வாரத் தண்ணீர் நிலத்தில் விழுந்து தெறித்து, சுவரின் அடி இரண்டு அடிக்குச் செம்மண் அப்பிக் கிடக்கிறது. பழைய வீடுகளில் அடியில் கறுப்பாகவோ காவியாகவோ ஒரு பட்டை அடித்திருப்பார்களே, அழகுக்கு என்று நினைத்திருந்தேன். எங்களுக்கும் ஒரு பட்டை வரப்போகிறது.

எனக்குப் பெரிய தலையிடி முன்பக்கச் சுவர். அது தாத்தா கட்டியது. சுண்ணாம்புக் கல், சுண்ணாம்புச் சாந்துப் பூச்சு. தொண்ணூறுகளில் ஷெல் பட்டுப் பெயர்ந்த இடத்தை, இடம்பெயர்ந்து திரும்பி வந்த அவசரத்தில் அப்பா சீமெந்தால் அடைத்தார். அன்றிலிருந்து எத்தனை தரம் நிறம் மாற்றினாலும் அந்த வட்டம் தெரியும். சுண்ணாம்புச் சுவர் ஈரத்தைக் குடிக்கும், பிறகு வெளியே விடும். சீமெந்து வாயை மூடிக்கொள்ளும். உள்ளே நிற்கும் ஈரம் சீமெந்தின் ஓரத்தைத் தேடி வந்து, அங்கே உப்பைக் கக்கிவிட்டுப் போகிறது. இந்த மழையிலும் வட்டத்தைச் சுற்றிக் கறுப்புக் கோடு அச்சொட்டாக விழுந்திருந்தது. அதை உடைத்து, சுண்ணாம்புச் சாந்தே பூசப் போகிறேன். கோயில் திருப்பணி வேலை செய்த வயதான மேசன் ஒருவர் இணங்கியிருக்கிறார். அந்தப் பக்கத்துக்கு ஈரத்தை வெளியே விடும் பூச்சுத்தான் அடிக்க வேண்டும், இல்லையென்றால் பேசாமல் முன்னைப்போல நீலம் கலந்த சுண்ணாம்பே அடிக்கலாம் என்கிறார். அம்மாவும் அவர் கட்சி.

நாள்கணக்கு இப்படி. தை முழுக்கச் சுவர் காயட்டும். காய்ந்ததா என்று பார்க்க ஒரு சொப்பிங் பையை வெட்டி, நாலு பக்கமும் செலோரேப் ஒட்டி ஒரு நாள் விடுவேன். உட்பக்கம் வியர்த்திருந்தால் இன்னும் பொறுக்க வேண்டும். மேசன் வேலை மாசி பிறக்க முதலே முடிய வேண்டும், ஏனென்றால் குசினிப் பக்கப் புதுச் சீமெந்துப் பூச்சுக்கு 28 நாளாவது விட வேண்டும். பங்குனியில் பெயின்ற். அதைத் தவறவிட்டால் சித்திரை வருசப் பரபரப்பு. அப்புறம் சோழகக் காற்று கிளம்பிவிடும். சோழகத்தில் ஈரப் பெயின்ற் என்றால் கோண்டாவில், உரும்பிராய்த் தோட்டத்துச் செம்மண் முழுக்க எங்கள் சுவரில்தான். நல்லூர்க் கொடியேற்றம் நெருங்கினாலோ இந்தப் பக்கத்தில் ஒரு பெயின்ரரையும் பிடிக்க முடியாது.

வெயிலுக்கும் ஒரு கணக்கு உண்டு. சூடேறிய சுவரில் பெயின்ற் தூரிகை இழுக்க முதலே காய்ந்து கோடு கோடாக நிற்கும். ஆகவே காலையில் மேற்குச் சுவர், பின்னேரம் கிழக்குச் சுவர். பங்குனியில் மத்தியான வெயில் தெற்குச் சுவரில் விழும். சித்திரை பிறந்த கையோடு சூரியன் எங்கள் தலைக்கு நேரே வந்து வடக்கே போய்விடும், ஆவணியில்தான் திரும்பும். வேலை இழுபட்டால் வடக்கு, தெற்கு ஒழுங்கையும் மாற்ற வேண்டும்.

அளவையும் பார்த்துவிட்டேன். சுற்றளவு 140 அடி, உயரம் 10 அடி, 1400 சதுர அடி. கதவு, யன்னல் 200 போக 1200. இரண்டு தரம் அடிக்க 2400. எங்கள் சொரசொரப்பான சுவருக்கு லீற்றருக்கு 80 சதுர அடி என்று வைத்தால் 30 லீற்றர். எல்லாவற்றையும் ஒரே நாளில் வாங்கி, பெரிய வாளியில் ஒன்றாகக் கலக்கச் சொல்லியிருக்கிறேன். வேறு வேறு நாள் கலந்த நிறம் ஒரே சுவரில் சந்தித்தால் காட்டிக்கொடுக்கும்.

மற்றது பக்கத்து வளவு. கிழக்குச் சுவருக்கு அவர்கள் பக்கம்தான் ஏணி வைக்க வேண்டும். அங்கே அந்த வீட்டு அக்காவின் வெற்றிலைக்கொடி மதிலோடு படர்ந்திருக்கிறது. போனமுறை அதில் பெயின்ற் சிந்தி மூன்று மாதம் கதையில்லை. இந்தமுறை இப்போதே போய்ச் சொல்லிவிட்டேன், கொடியை மூட உடுத்த பழைய சாரம் இரண்டு தருவதாகவும்.

நிறம் இன்னும் முடிவாகவில்லை. அண்ணா வாட்சப்பில் சாம்பல் நிற வீடுகளாக அனுப்புகிறார். அங்கத்தைய வெயிலுக்கு அது சரி, இங்கே கடும் நிறம் சூட்டை இழுத்து வைத்திருக்கும் என்று எழுதினேன். நீலக்கோடு விழுந்திருக்கிறது, பதில் இல்லை. பீலி திருத்துகிறவர் நாளைக்கு வருகிறாராம், மழை விட்டால்.