சிற்ப மண்டபம் ரெடி, வாசல்தான் இல்லை

எங்கள் ஊர் பூங்காவில் ஏழு கருங்கல் சிற்பங்களுக்கு ஒரு திறந்த மண்டபம். டிராயிங், எஸ்டிமேட், டெண்டர் எல்லாம் எட்டு மாதத்தில் முடிந்தன. திறப்புக்குப் பத்து நாள் இருக்கும்போது, சக்கர நாற்காலியில் போகும் எங்கள் தெரு தையல்கார அக்காவை, "வந்து ஒரு சுத்து சுத்திப் பாருங்க" என்று கூப்பிட்டேன். அக்கா பூங்கா வாசலைத் தாண்டவே இல்லை.

பைக் நுழையாமல் இருக்க வளைத்து வளைத்துப் போட்டிருக்கும் கம்பி கேட். ஒருக்களித்துத்தான் போகணும். எட்டு மாதமாக நானும் அப்படித்தான் போய் வந்தேன், ஒரு நாள்கூட உறைக்கவில்லை. என் டிராயிங்கில் ரோடே கிடையாது, நேராக மண்டபம்தான். நீங்களாவது ரோட்டிலிருந்து டேப் பிடியுங்கள்.

பின்பக்கம் குப்பை வண்டி வரும் வழியாகச் சுற்றிக் கூட்டிவந்தோம். சாய்தளத்தில் ஏறும்போது முன்சக்கரம் தூக்கியது. டேப் வைத்தேன். 1 இஞ்ச் ஏற்றத்துக்கு 1 அடி நீளம் என்பதுதான் கணக்கு. மண்டபத் தரை 16 இஞ்ச் உயரம், சாய்தளம் 16 அடி இருக்கணும். இருந்தது பத்தே முக்கால். "வேப்பமரம் குறுக்கே வந்துச்சு சார், கொஞ்சம் சுருக்கிட்டேன்" என்றார் மேஸ்திரி. உடைத்து, மரத்துக்கு முன்னாலேயே 5 அடிக்கு 5 அடி சமதளம் விட்டுத் திருப்பினோம். அந்தச் செலவு என் ஃபீஸில் போனது.

மாற்றுத்திறனாளிகள் தடையில்லாமல் வந்துபோகக் கட்டடமும் வழியும் எப்படி இருக்கணும் என்று சொல்லும் அணுகல் தரங்களைக் காட்டி, கேட்டை மாற்றச் சொல்லிப் போனால், "அதெல்லாம் வழிகாட்டிதானே சார், கட்டாயமா என்ன?" என்றார் அதிகாரி. மூன்று தடவை நடந்தேன். நாலாவது தடவை உச்ச நீதிமன்றத்தின் 2024 நவம்பர் 8 தீர்ப்பை பிரிண்ட் எடுத்துப்போனேன். அணுகல் தரங்களை வெறும் பரிந்துரையாக விட்ட விதி, 2016 மாற்றுத்திறனாளிகள் சட்டத்துக்கே முரண் என்று அதில் இருக்கிறது. மஞ்சள் அடித்த பக்கத்தைப் படித்தார், கையெழுத்துப் போட்டார். ஒரு டீயும் வந்தது!

பீடங்களை முழங்கால் உயரத்தில் நிறுத்தி, சங்கிலி கட்டாமல் விட்டது மட்டும் முதல் தடவையே சரியாக வந்தது. பார்வையற்ற கல்லூரித் தம்பி ஒருவர் நந்தியின் கழுத்தைத் தடவித் தடவி மணிகளை எண்ணினார். பிறகு பிரெய்ல் பலகையில் விரல் வைத்தவர் சிரித்துவிட்டார். "அண்ணா, இது தலைகீழா இருக்கு." ஏழில் மூன்று அப்படித்தான். கண் தெரிந்த நாங்கள் யாரும் கண்டுபிடிக்கவில்லை. பலகை செய்யும் இடத்திலேயே மேல்பக்கம் ஒரு பெயிண்ட் புள்ளி வைக்கச் சொல்லிவிடுங்கள்.

கம்பி கேட்டுக்குப் பக்கத்தில் இப்போது 3 அடி அகலத்தில் தனி கேட் இருக்கிறது. அதற்கும் பூட்டு. சாவி வாட்ச்மேனிடம். அவர் நாலரைக்கு டீ குடிக்கப் போய்விடுவார், அக்கா கடையை மூடிவிட்டு வருவதும் நாலரைக்குத்தான்.